முகட்டு மரத்தின் விலை

அத்தியாயம் 11

காலை ஐந்தேமுக்காலுக்கு அஃப்ரா ரொட்டிக் கூடையோடு மேட்டில் ஏறி வந்தபோது அவளுடைய புது வீட்டின் மர எலும்புக்கூடு அப்படியே நின்றிருந்தது. இரண்டு நாளாக எழுப்பிய தூண்கள், உத்தரங்கள், சாய்வுக் கால்கள் எதுவும் குறையவில்லை. புல்லில் இரண்டு கட்டைகளின் மேல் படுத்திருந்த, கூரை உச்சியில் ஏற வேண்டிய முகட்டு மரம் மட்டும் இல்லை.

பன்னிரண்டு மீட்டருக்கு மேல் நீளமான மரம். அக்குளில் இடுக்கிக்கொண்டு போகிற சாமான் அல்ல.

ஈரப் புல்லில் டிராக்டர் தடம் தெரிந்தது. கட்டையின் மேல் ஒரு காலி பீர் பாட்டில், அதன் கழுத்தில் சொருகிய சீட்டு. எடுத்துப் படித்தாள்.

'மரம் மில்லில் இருக்கிறது. வீட்டுக்காரி நடந்து வரவும்.'

கையெழுத்தை அவள் ஆறு வருடமாகப் பார்க்கவில்லை. ஆனாலும் முதல் எழுத்திலேயே தெரிந்துவிட்டது. அண்ணன் குவிரின்.

அந்த வட்டாரத்தில் புது வீட்டின் முகட்டு மரத்தைத் திருடுவது குற்றமில்லை. காவல் காக்கத் தெரியாதவனிடம் திருடலாம். மேலே ஏற்றுவதற்கு முன்னால் திருட வேண்டும், திருடிய மரத்தில் ரம்பம் படக்கூடாது, வீட்டின் சொந்தக்காரர் தன் காலால் நடந்து வந்து விலை பேசி மீட்க வேண்டும். விலை என்பது பெரும்பாலும் பீரும் பன்றி வறுவலும்தான். மீட்காதவர் வீட்டுத் தூணில் திருடர்கள் ஒரு கோணல் மரத்தைக் கட்டிவிட்டுப் போவார்கள். பேரன் காலம் வரை ஊர் அதைச் சொல்லிச் சிரிக்கும்.

வேறு யார் திருடியிருந்தாலும் அஃப்ராவும் சிரித்திருப்பாள்.

ஆறு வருடத்துக்கு முன் பத்திர ஆபீசில், பண்ணையும் மர மில்லும் குவிரின் பேருக்கு மாறிய அன்று, இந்த மேட்டு நிலம் தனக்கு என்று அவள் கேட்டாள். கிடைத்தது. கிடைக்கும்போது குவிரின் சொன்னான்: "நிலத்தை எடுத்துக்கோ. ஆனா வீட்டை விட்டுப் போனவளுக்கு என் மில்லுல இருந்து ஒரு சிம்பு கூடக் கிடையாது." பக்கத்தில் அப்பா வென்டெலின் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கு அவள் ஒரு முடிவு எடுத்தாள். இந்த மேட்டில் வீடு எழும். அதில் அண்ணன் மில்லின் சிம்பு ஒன்று கூட இருக்காது. மரமெல்லாம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி வேறொரு மில்லிலிருந்து வந்தது. வரைபடம் அவள் போட்டது. ஆசாரி வேலை அவள் புருஷன் கில்யானுடையது.

அந்தக் கில்யான்தான் ராத்திரி மரத்துக்குக் காவல் இருந்தவன். இப்போது வேனின் பின்கதவைத் திறந்துகொண்டு கசங்கிய கோட்டோடு இறங்கினான்.

"எங்கே?" என்றாள்.

"என்ன எங்கே?"

"விளையாடாதே கில்யான். மரம் எங்கே?"

அவன் கட்டைகளைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். கொஞ்சம் அதிக நேரமே சொறிந்தான்.

"திருடிட்டானுங்க போல."

"போலயா? டிராக்டர் வந்து, ஆறு பேர் தூக்கி, வண்டியில கட்டிக் கொண்டு போயிருக்கானுங்க. நீ எலி தும்மினா எழுந்து உக்கார்ற ஆளு."

"அசதி."

"மூணு நாளா சாயங்காலம் தீயணைப்புப் பயிற்சிக்குப் போனியே, அந்த அசதியா?"

"அதுவும்தான்" என்று சொல்லிவிட்டுக் காப்பிக் குடுவையைத் தேடப் போனான்.

ஏழு மணிக்கு ரோசன்ஹைம் நகரத்திலிருந்து கிரேன் வந்தது. கிரேன்காரர் ஹாஸ்லிங்கர் இறங்கியதும் முதலில் தெற்கே பார்த்தார். ஆல்ப்ஸ் மலை கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்பது போலத் தெரிந்தது. மலையிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று இறங்கிக்கொண்டிருந்தது.

"மலை இவ்வளவு கிட்ட தெரிஞ்சா சாயங்காலத்துக்குள்ள இடி" என்றார். "ஏம்மா, மூணு மணி வரைதான் நிப்பேன். அதுக்கு மேல காத்து வந்தா கிரேன் கையை மடக்கிட்டுப் போயிடுவேன். திங்கக்கிழமையிலேர்ந்து மூணு வாரம் நான் வேற ஊர்ல."

"தெரியும்."

"முகட்டு மரம் இல்லாம இந்தக் கூடு இடிக்காத்துல நின்னா என்ன ஆகும்னும் தெரியுமா?"

அதுவும் தெரியும். நடுத்தூண்கள் நான்கும் மேலே பிடிப்பில்லாமல் நின்றன. அவற்றின் தலையில் ஒடுக்கிச் செதுக்கிய முனைகள், அதாவது கழுந்துகள், முகட்டு மரத்தின் துளைக்காகக் காத்துக்கொண்டிருந்தன. முகடு வந்து உட்கார்ந்தால்தான் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் ஒரு பலத்த காற்று போதும்.

அக்கம்பக்கத்து ஆசாரிகள் பதினாறு பேர், கறுப்பு கார்டுராய் பேன்ட்டும் அகலத் தொப்பியுமாக, கூடையைச் சுற்றி நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். விஷயம் பரவியது.

"சொந்த அண்ணனே திருடனா? குடும்பம்னா இப்படி இருக்கணும்" என்றான் ஒருவன்.

"வேற மரம் போட்டா என்ன?" என்று அஃப்ரா கேட்டாள். "இரும்பு உத்தரம் வரவழைக்கலாம்."

மூத்த ஆசாரி ரூப்பெர்ட் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி மெல்லத் தொடங்கினார்.

அவள் கில்யானைத் தனியே இழுத்தாள். "நீ போய்ப் பேசு."

"நிலம் யார் பேர்ல இருக்கு?"

"என் பேர்ல."

"அப்ப வீட்டுக்காரி நீதான். நான் போனா அவன் கதவே திறக்க மாட்டான்."

"போனா எனக்கு மட்டும் ஆரத்தி எடுப்பானா?"

"அஃப்ரா." அவன் குரல் தணிந்தது. "போய்ட்டு வா. சண்டை போடறதுக்கு முன்னாடி மரத்தை ஒரு தடவை பாத்துடு. அவ்வளவுதான் சொல்வேன்."

என்ன சொல்கிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்க நேரமும் இல்லை.

*

மில்லுக்கு இரண்டு கிலோமீட்டர். தேவாலய வளைவில் எலுமிச்சை நிறத்தில் துளிர்விட்டிருந்த பெரிய மரத்தைத் தாண்டி, மாடுகள் மேயும் சரிவில் இறங்கினாள். ஒவ்வொரு திருப்பமும் கால்களுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

குவிரின் முற்றத்தில், திருடிய மரத்தின் மேலேயே உட்கார்ந்து வெள்ளை சாசேஜைத் தோலுரித்துக்கொண்டிருந்தான். மீசை நரைத்திருந்தது. மில் ஓடவில்லை.

"ஆறு வருஷம் கழிச்சு" என்றான். "கால் வலிக்கலையே?"

"விலையைச் சொல்லு. கிரேன் காத்துக்கிட்டு இருக்கு."

"முதல்ல உக்காரு."

"நிக்கறேன்."

"அம்மா கோபத்துல நிக்கிற மாதிரியே நிக்கிறே."

"அம்மாவை இழுக்காதே."

அவன் தோளைக் குலுக்கிவிட்டுக் கடுகுச் சாந்தில் சாசேஜைத் தோய்த்தான். அவள் பேச வாயெடுத்தாள். கண் மரத்தின் மேல் போனது. கில்யான் சொன்னது ஞாபகம் வந்தது.

ஏதோ சரியில்லை. வீடுகளை வரைந்து வரைந்து பழகிய கண் அவளுடையது. மேட்டில் புல்லுக்கு நடுவே கிடந்தபோது தெரியாத ஒன்று, முற்றத்தின் கல்தளத்தில் தெரிந்தது. கோட்டுப் பையிலிருந்து மடக்கு அளவுகோலை எடுத்தாள். குனிந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளந்துகொண்டே போனாள். குவிரின் காலைத் தூக்கி வழிவிட்டான்.

பன்னிரண்டு மீட்டர் நாற்பது.

மறுபடி அளந்தாள். அதே நாற்பது.

"பதிமூணு இருபது இருக்கணும்" என்றாள். "எண்பது சென்டிமீட்டர் அறுத்துட்டியா? திருடின மரத்துல ரம்பம் வச்சியா குவிரின்? என் மேல கோபம்னா என்னைத் திட்டு. மரத்துல காட்டுவியா? ஊர் முழுக்கச் சொல்வேன். இனிமே எவனும் உன்னை ஆளாவே மதிக்க மாட்டான்."

அவன் கோபப்படவில்லை. அதுதான் விசித்திரம். கத்தி முனையால் மரத்தின் நுனியைக் காட்டினான்.

"வெட்டு வாயைப் பாரு."

பார்த்தாள். வெட்டிய முகத்தில் மெழுகு பூசியிருந்தது. மெழுகின் மேல் தூசி. தூசிக்கு அடியில் மயிரிழை மயிரிழையாக வெடிப்புகள். புதிதாக அறுத்த மரத்தின் முகம் வெண்ணெய் நிறத்தில் இருக்கும். இது சாம்பல் நிறத்தில் இருந்தது. மறுமுனைக்கு நடந்தாள். அங்கேயும் அதே மெழுகு, அதே தூசி. ஜனவரியில் கில்யான் பூசியபோது மெழுகுச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது அவள்தான்.

யாரும் அறுக்கவில்லை. மரம் பிறந்ததே இவ்வளவுதான்.

அளவுகோலை மடக்கினாள். மடங்கவில்லை. அப்படியே கோட்டுப் பைக்குள் திணித்தாள்.

முகட்டு மரத்தை மட்டும் கிறிஸ்துமசுக்கு முன்னால், தேய்பிறையில் வெட்டுவது அங்கே வழக்கம். அதனால் அதன் அளவுச் சீட்டை டிசம்பரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டாள். பிப்ரவரியில் ஒரு நாள், மாடி வராந்தாவில் மேசை போட்டு நாலு பேர் உட்கார்ந்து ஏரியைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. வராந்தாவை அகலமாக்கினாள். வராந்தா நீண்டதால் அதை மூடும் முன்கூரையையும் எண்பது சென்டிமீட்டர் நீட்டினாள். பக்க உத்தரங்களின் அளவையெல்லாம் திருத்தினாள். முகட்டின் சீட்டு மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை; அது முன்பே பெட்டிக்குள் போய்விட்டிருந்தது. மரமும் மண்ணில் சாய்ந்துவிட்டிருந்தது.

முன்கூரையின் நுனியைத் தாங்க வேண்டிய முகடே அங்கே வரை வராது.

ஒரு வருடமாக அவள் வரைந்த வீடு. அவள் கையால் எழுதிய சீட்டு.

"மாப்பிள்ளைதான் புதன்கிழமை சாயங்காலம் கண்டுபிடிச்சார்" என்றான் குவிரின்.

"எந்த மாப்பிள்ளை?"

"எனக்கு எத்தனை தங்கச்சி?"

அவன் எழுந்து கொட்டகைக் கதவைத் தள்ளினான். உள்ளே இன்னொரு மரம் கிடந்தது. இழைத்து, துளை போட்டு, நுனியில் செதுக்கு வேலை கூட முடித்து. அளக்கத் தேவையில்லை. நீளம் பார்த்தாலே தெரிந்தது. தரையில் சுருள் சுருளாக இழைத்த சீவல். அந்த உளி வாகு அவளுக்குத் தெரியும். அது கில்யானின் கை.

தீயணைப்புப் பயிற்சி. மூன்று சாயங்காலம்.

"மரம்?" என்று கேட்டாள்.

"மூணு வருஷமா காஞ்சது. என் மாட்டுத் தொழுவக் கூரைக்குன்னு வச்சிருந்தேன். இந்த நீளத்துக்கு இந்தப் பக்கம் வேற கிடையாது."

"அவன் இங்கே வந்து நின்னானா? உன்கிட்டயா?"

"நின்னார். அரை மணி நேரம் வாசல்ல நிக்க வச்சேன், அசையலை. பதினாறு பேர் முன்னாடி உன் வரைபடத்துல அளவுகோலை வைக்கறதைவிட, என் வாசல்ல நிக்கறது லேசுன்னார்." குவிரின் மீசையைத் துடைத்தான். "திருட்டு மட்டும் என் யோசனை. முகட்டு மரம் திருடு போறது இந்த ஊர்ல நடக்கறதுதானே. போனது ஒண்ணு, வந்தது ஒண்ணுன்னு எவன் அளந்து பாக்கப் போறான்?"

அவளுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. உட்காரவில்லை.

"விலை?"

"பையன்களுக்கு பீரும் வறுவலும். அது வழக்கம். எனக்குத் தனி விலை."

"என்ன அது?"

"மரத்தோட அனுப்பறேன். வாங்கிக்கிட்டா மரம் உன்னோடது. வாங்கலைன்னா வண்டியைத் திருப்பச் சொல்லியிருக்கேன்."

"என்னன்னு தெரியாம எப்படி ஒத்துக்கறது?"

"உன் புருஷன் தெரியாமத்தான் ஒத்துக்கிட்டார்" என்றான் குவிரின். முதல் தடவையாக அவன் முகத்திலிருந்த கேலி போயிருந்தது. "போ. ரெண்டு மணிக்கு வண்டி வரும்."

*

கில்யான் வேனுக்குப் பின்னால் ஆப்புகளை எண்ணிக்கொண்டிருந்தான். ஓக் மரத்தில் சீவிய, விரல் கனத்து ஆப்புகள். அவள் வருவதைப் பார்த்ததும் எண்ணிக்கையை விட்டான்.

"பாத்தியா?"

"பாத்தேன். நல்லா உளி பிடிக்கிறே. பொய்யும் நல்லா சொல்றே."

"மெதுவா பேசு. ஆளுங்க காதுல விழும்."

"விழட்டும்."

"விழக்கூடாது. இந்த வீட்டைப் பாத்துத்தான் நாலு பேர் உன்கிட்ட வீடு வரையக் குடுப்பாங்க. முகட்டையே தப்பா எழுதினவள்னு பேர் வந்தா முடிஞ்சுது."

"அதுக்காக அவன் மில்லுல இருந்து மரமா? அப்ப நான் எதுக்காக நாப்பது கிலோமீட்டர் லாரி வச்சேன்?"

"எனக்கு மரம் வேணும்" என்றான் கில்யான். "அது யாரோட மரம்னு மரத்துக்குத் தெரியாது."

"விலை என்னன்னு கேட்டியா?"

"இல்லை."

"கத்திரிக்காய்க்குக் கூட விலை கேட்டுத்தான் வாங்குவே."

"கேட்டா நீ என்னன்னு யோசிப்பே. யோசிச்சா வேண்டாம்பே. அதான் கேக்கலை."

அவள் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நிலத்தைத் திரும்பக் கேட்பானா? வீட்டில் பங்கு கேட்பானா? இல்லை, எல்லார் முன்னாலும் அவள் வாயால் மன்னிப்புக் கேட்க வைப்பானா? ஒவ்வொன்றுக்கும் அவள் மனதில் பதில் ஒன்றுதான் இருந்தது: முடியாது. ஆனால் நான்கு தூண்களும் தலையில் கழுந்தோடு நின்றுகொண்டிருந்தன.

பதினொரு மணிக்குத் தேவாலய மணி அடித்தது. பன்னிரண்டு. ஒன்று. ஆசாரிகள் கைமரங்களை வரிசையாக அடுக்கி முடித்துவிட்டு, வேறு வேலையில்லாமல் முள்ளங்கியை உப்பில் தொட்டுத் தின்றார்கள். மலை மேலே வெள்ளையாக இருந்த மேகம் ஈய நிறத்துக்கு மாறியது. வெதுவெதுப்பான காற்று சட்டென்று நின்றது. பறவைச் சத்தமும் நின்றது.

"எனக்கு இந்த அமைதி பிடிக்கலை" என்றார் ஹாஸ்லிங்கர்.

இரண்டே காலுக்கு வளைவில் அக்கார்டியன் சத்தம் கேட்டது.

ஊர்வலம் ஏறி வந்தது. முன்னால் ஊர் வாலிபர் சங்கத்துப் பையன்கள், பின்னால் டிராக்டர், நீண்ட வண்டியில் மரம். மரத்துக்குப் பூ வளையம் போட்டிருந்தார்கள். திருட்டுக் கூட்டத்தின் தலைவன் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து வருவது வழக்கம். அங்கே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். ஆனால் அது குவிரின் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, பச்சைத் தொப்பி, முழங்கால்களுக்கு நடுவே ஒரு பழைய தோல் பெட்டி.

அப்பா.

கோட்டுப் பொத்தானில் ஓர் அட்டை தொங்கியது. அதில் குவிரின் கையெழுத்தில் ஒரே வார்த்தை: விலை.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு பெட்டி கண்ணில் பட்டது. அது கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. ஒரு நாள் விருந்துக்கு வருகிறவர் கட்டுகிற கட்டு அல்ல. சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது. அக்கார்டியன்காரன் பாதிப் பாட்டில் நிறுத்தினான்.

கில்யான் அவள் பக்கத்தில் வந்து நின்றான். "எனக்குத் தெரியாது, அஃப்ரா. சத்தியமா தெரியாது."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. சவரம் செய்துகொண்டதில் தாடையில் ஒரு சின்ன வெட்டு. குவிரின் சொன்ன வார்த்தையைக் கூட அவளால் ஒருநாள் மறக்க முடியும். அன்று இவர் மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த விதத்தை மறக்க முடியவில்லை.

டிராக்டர் ஓட்டி வந்தவன் இன்ஜினை நிறுத்தவில்லை. "அக்கா, வாங்கிக்கறீங்களா, திருப்பட்டுமா? குவிரின் அண்ணன் கேட்டு வரச் சொன்னார்."

மேட்டில் இலை அசையவில்லை. தொலைவில் முதல் இடி உருண்டது.

"ஏம்மா" என்றார் ஹாஸ்லிங்கர். "நாப்பது நிமிஷம்."

அவள் வண்டிக்குப் போனாள். அப்பாவுக்கு எதிரே நின்றாள். கை நீட்டவில்லை. அவரும் நீட்டவில்லை.

"இறங்குங்க அப்பா" என்றாள். "அந்த மரம் மேலே போகணும்."

அவர் பெட்டியை முதலில் கொடுத்தார். அதை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு அவர் தோளைப் பிடித்து இறக்கினாள். முன்பு மூட்டை தூக்கிய தோள், இப்போது கோட்டுக்குள் எலும்பாக இருந்தது.

அத்தோடு விலை கொடுத்தாகிவிட்டது. பையன்கள் ஹோவென்று கூச்சல் போட்டார்கள். அஃப்ரா திரும்பி ஆசாரிகளைப் பார்த்தாள்.

"ஒரு நிமிஷம் எல்லாரும் கேளுங்க. இது நீங்க நேத்து பாத்த மரம் இல்லை. அது எண்பது சென்டிமீட்டர் குறைச்சல். சீட்டு எழுதினது நான். கில்யான் இல்லை. தப்பு என்னோடது."

கில்யான் கண்ணை மூடிக்கொண்டான்.

பதினாறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரூப்பெர்ட் வாயிலிருந்த முள்ளங்கியை விழுங்கினார்.

"தெரியும்மா" என்றார். "வியாழக்கிழமை மத்தியானம் நாங்களும் அளந்தோம். உன் புருஷன் அவ்வளவு சிரமப்பட்டு மறைக்கும்போது நாங்க ஏன் குறுக்கே போகணும்னு விட்டுட்டோம்." தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "பேசிக்கிட்டே இருந்தா நனைஞ்சுடுவோம்."

*

கயிறு போட்டு, கொக்கி மாட்டி, மரம் தரையை விட்டுக் கிளம்பியது. ஹாஸ்லிங்கர் ஒரு விரலால் தள்ளுவது போல அதை மெதுவாகத் திருப்பினார். மேலே நான்கு தூணிலும் நான்கு பேர். கில்யான் முன் தூணில், உத்தரத்தைக் கால்களால் கவ்விக்கொண்டு.

"விடு. விடு. இன்னும். நில்லு" என்று கிரேனுக்குக் குரல் கொடுத்தான்.

முதல் கழுந்து துளைக்குள் இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவது முரண்டு பிடித்தது. அந்த நேரம் பார்த்து வடமேற்கிலிருந்து காற்று அடித்தது. மரம் முழுவதும் கயிற்றில் ஆடி, மூன்றாவது தூணை இழுத்துக்கொண்டு சாய்ந்தது. கீழே நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். அஃப்ரா பின்வாங்கவில்லை.

"அடி ரூப்பெர்ட்" என்று கில்யான் கத்தினான். "இப்ப அடி."

மூன்றாவது தூணில் இருந்த ரூப்பெர்ட் பெரிய மரச் சுத்தியலை ஓங்கினார். ஒரு அடி, இரண்டு அடி. மூன்றாவது அடியில் மரம் ஒரு கனைப்போடு கீழே உட்கார்ந்தது. நான்காவது தானாகப் போய்ச் சேர்ந்தது. ஆப்புகள் இறங்கின. கூடு ஒரு முறை முனகிவிட்டு அசையாமல் நின்றது.

மூன்று மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம். ஹாஸ்லிங்கர் கிரேனின் கையை மடக்கத் தொடங்கினார். பெரிய பெரிய துளிகளாக மழை விழுந்தது.

ஆட்கள் தார்ப்பாயை நோக்கி ஓடினார்கள். அப்பா மட்டும் கூட்டுக்குள், முகட்டுக்கு நேர் கீழே, பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். தொப்பியில் மழை சொட்டியது. அஃப்ரா ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு போய் அவர் தோளில் போட்டாள்.

"குவிரின் உங்களை வெளியே அனுப்பிட்டானா?"

"அவனா?" அப்பா அட்டையைப் பொத்தானிலிருந்து கழற்றினார். "காலையில வரைக்கும் போகாதீங்கன்னான். பெட்டி கட்டினது நான். அட்டைதான் அவனோடது."

"அப்ப நீங்கதானே விலை?"

"நான் இல்லை. நான் உன்கிட்ட சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. அதைத்தான் அவன் விலையா கேட்டான். உன்கிட்ட இல்லை, என்கிட்ட கேட்டான்." அட்டையை இரண்டாக மடித்தார். மறுபடி மடித்தார். "பத்திர ஆபீஸ்ல அன்னைக்கு அவன் சொன்னானே, சிம்பு கூடக் கிடையாதுன்னு. அவனுக்குச் சொல்ல மனசில்லை. முந்தின நாள் ராத்திரி முழுக்க மாட்டேன்னான். அந்த வார்த்தையை அவன் வாயில வச்சது நான்."

மழை பலத்தது. அவளுக்கு மழைச் சத்தம் கேட்கவில்லை.

"நீங்களா?"

"நான்தான். நீ அவன் மேல கோவிச்சுக்கிட்டே. நான் பேசாம இருந்துட்டேன். ஆறு வருஷம் அவன் ஒரு வார்த்தை சொல்லலை."

மேலேயிருந்து கில்யான் கூப்பிட்டான். "அஃப்ரா, கடைசி ஆப்பு பாக்கி. வீட்டுக்காரி கையாலதான் அடிக்கணும். இடி கிட்ட வர்றதுக்குள்ள ஏறி வா."

யாரோ அவள் கையில் ஆப்பு அடிக்கிற கொட்டாப்புளியைத் திணித்தார்கள். ஏணி எதிரே இருந்தது. அவள் ஏணியைப் பார்க்கவில்லை. தூண்களுக்கு நடுவே, இன்னும் சுவர் வராத இடைவெளி வழியாக, சரிவு முழுவதும் தெரிந்தது. தேவாலய வளைவில், அந்தப் பெரிய மரத்தடியில், ஒருவன் தொப்பி கூட இல்லாமல் நின்று முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் அப்படிப் பண்ணினேன்னு கேக்க மாட்டியா?" என்றார் அப்பா.

"கேப்பேன்" என்றாள். "ரெண்டு பேரையும் பக்கத்துல வச்சுக்கிட்டு."

"அஃப்ரா" என்று மறுபடி மேலேயிருந்து குரல். "ஏறி வா."

"இரு. அதை அடிக்க வேண்டிய ஆள் இன்னும் வரலை."

கொட்டாப்புளியோடு மழையில் இறங்கினாள். சேற்றில் கால் வழுக்கியது. பாதிச் சரிவு வந்ததும் குவிரின் அவளைப் பார்த்துவிட்டான். ஒரு கணம் நின்றான். பிறகு காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மில் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினான்.

அஃப்ரா ஓடினாள்.